கடைசல் கலை

கற்றல் நோக்கம்

மரம் கடையும் கலையின் கருவிகளையும் முறைகளையும் அறிதல். ஒரு கைத்தொழிலில் அடங்கியுள்ள அறிவியலையும் பொறுப்புணர்வையும் உணர்தல். தொழில் சார்ந்த தமிழ்ச் சொற்களைப் பயன்படுத்தும் திறன் பெறுதல்.

நுழையும் முன்

வட்டமான மரப்பொருள்கள் பல வீடுகளில் உள்ளன. கட்டிலின் கால், பூரிக்கட்டை, பம்பரம், கிலுகிலுப்பை, ஊஞ்சல் சட்டம் ஆகியவற்றை உற்று நோக்கினால், அவற்றின் எப்பக்கமும் ஒரே சீராக இருப்பது தெரியும். சதுரமாக அறுத்த ஒரு கட்டை இவ்வாறு உருண்டு திரள்வது எப்படி? அதனை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சொல், இரு தொழில்

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் வழங்குகிறது. இவ்விரண்டு தொழில்களுக்கும் இடையே ஓர் ஒப்புமை உண்டு. மத்தில் கயிற்றைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னும் சுழலும். பழைய மரக்கடைசலும் அவ்வாறே நிகழ்ந்தது. இரு முனைகளுக்கிடையே பொருத்திய கட்டையில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, மற்றொருவர் உளியைப் பிடித்துக் கடைந்தார். கட்டை தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டுமே உளி மரத்தைச் சீவும். எதிர்ப்புறம் சுழலும்போது கைவினைஞர் உளியைச் சற்றே விலக்கிக்கொள்வார். இன்று மின்விசை அக்கயிற்றின் இடத்தைப் பிடித்துவிட்டது. கட்டை ஒரே திசையில் இடைவிடாது சுழல்கிறது. ஆயினும் உளியைப் பிடிக்கும் கையின் வேலை மாறவில்லை.

பிற மரவேலைகளில் மரம் அசையாமல் இருக்க, கருவி அசைகிறது. தச்சர் இழைப்புளியைத் தள்ளுகிறார், வாளை இழுக்கிறார். கடைசலில் இம்முறை தலைகீழாகிறது. மரம் சுழல்கிறது, கருவி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. கடைசல் பயில்வோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய வேறுபாடு இதுவே.

பொம்மை நகரங்கள்

இந்தியாவில் கடைசல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று கர்நாடகத்தின் சென்னபட்டணம். பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அது அமைந்துள்ளது. கன்னட மக்கள் அவ்வூரைப் 'பொம்மைகளின் நகரம்' என அழைக்கின்றனர். திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்கள் வந்து இத்தொழிலைக் கற்பித்தனர் என்பது அவ்வூரில் வழங்கும் செய்தி. ஆந்திரத்தில் வராக ஆற்றங்கரையிலுள்ள ஏட்டிகொப்பாக்கா என்னும் சிற்றூரும் இத்தகையதே. தமிழகத்தில் அம்பாசமுத்திரத்தின் மரச்செப்புகள் இதே முறையில் கடைந்து அரக்குப் பூசப்படுபவை. கொலுப்படிகளிலும் குழந்தைகளின் விளையாட்டு அடுக்களையிலும் அவற்றைக் காணலாம்.

மரமும் காத்திருத்தலும்

சென்னபட்டணத்திலும் ஏட்டிகொப்பாக்காவிலும் பெரிதும் பயன்படும் மரம் ஒன்றே. அது தமிழில் வெட்பாலை எனப்படும். யானைத் தந்தம் போன்ற வெண்ணிறமும் நெருங்கிய இழையும் கொண்டது, மென்மையானது. உளிக்கு எளிதில் இணங்கும். சிம்பு எழும்பாமல் வழவழப்பாகும். வெண்ணிற மரமாதலால் மேலே பூசும் வண்ணம் மங்காமல் தெரியும்.

வெட்டிய மரத்தை உடனே கடையலாகாது. பச்சை மரத்தில் நீர் மிகுதி. அது உலரும்போது மரம் சுருங்கும். அச்சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவினதன்று. மரத்தின் வளையங்களையொட்டிச் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவினும் மிகுதி. பல மரங்களில் ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த பொருள் சில வாரங்களில் நீள்வட்டமாகிவிடும். சில வேளை பிளந்தும் போகும். இதனாலேயே கைவினைஞர்கள் மரத்தைத் துண்டுகளாக்கிச் சில மாதங்கள் நிழலில் அடுக்கிவைத்து உலர்த்துகின்றனர். துண்டின் இரு முனைகள் வழியாகவே நீர் விரைந்து வெளியேறும். அம்முனைகளில் மெழுகு பூசி வைத்தால் வெடிப்புக் குறையும்.

பட்டறையும் கருவிகளும்

கடைசல் எந்திரத்தின் உறுப்புகள் சிலவே. இடப்பக்கத்தில் மின்விசையால் சுழலும் தண்டு ஒன்று கட்டையைப் பற்றிச் சுழற்றும். வலப்பக்கத்தில் கூரிய முனை ஒன்று கட்டையின் மறுமுனையைத் தாங்கும். இவ்விரண்டையும் நீண்ட படுகை ஒன்று இணைக்கும். கட்டைக்கு முன்னால், உளியை வைத்துப் பிடிப்பதற்கான கருவிதாங்கி இருக்கும். சிறு பொருள்கள் செய்வதற்கு மேசைமேல் பொருத்தக்கூடிய சிறிய எந்திரமே வீட்டுப் பட்டறைக்குப் போதுமானது.

தொடக்கநிலையில் நான்கு வகை உளிகள் தேவை.

அ) குழிவாய் உளி: சதுரக் கட்டையை உருளையாக்கவும் வளைவுகளை அமைக்கவும் உதவுவது.
ஆ) சாய்வாய் உளி: பரப்பை வழவழப்பாகச் சீவுவது. பழகாத கையில் எளிதில் வழுக்கிவிடும். ஆதலால் இறுதியாகப் பயிலவேண்டியது.
இ) பிரிப்பு உளி: ஆழம் குறிக்கவும் முடிந்த பொருளைக் கட்டையிலிருந்து பிரிக்கவும் உதவுவது.
ஈ) சுரண்டு உளி: சிறு மேடுபள்ளங்களைச் சுரண்டிச் சீராக்குவது.

இவற்றுடன் உளி தீட்டும் சாணைக்கல், விட்டம் அளக்கும் கவராயம், அளவுகோல், உப்புத்தாள் ஆகியன வேண்டும். மழுங்கிய உளி மரத்தைச் சீவாது, பிய்க்கும். உளி மழுங்கும்போது பயில்பவர் தம்மை அறியாமல் மிகுதியாக அழுத்துவார். அவ்வழுத்தத்தால் உளி திடீரென மரத்திற் சிக்கித் துள்ளும். எனவே கூரிய உளியினும் மழுங்கிய உளியே கைக்குக் கேடு விளைப்பது. வேலையின் இடையிடையே எந்திரத்தை நிறுத்தி உளியைத் தீட்டுவது காலத்தை வீணாக்குவதன்று.

வேகமும் காப்பும்

ஒரு கட்டையின் விளிம்பு எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டையின் சுற்றளவு ஏறத்தாழ 31.4 சென்டிமீட்டர். அது நிமிடத்திற்கு 1000 முறை சுழன்றால் அதன் விளிம்பு ஒரு நிமிடத்தில் 314 மீட்டர் செல்கிறது. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டை அதே அளவு சுழன்றால் அதன் விளிம்பு 157 மீட்டரே செல்லும். ஆகவே கட்டை பருமனாக இருந்தால் சுழற்சியைக் குறைக்கவேண்டும். கட்டையின் விட்டத்தை அங்குலத்திலும், சுழற்சியை நிமிடக் கணக்கிலும் கொண்டு பெருக்கினால் வரும் தொகை 6000 முதல் 9000 வரை இருக்கலாம் என்பது கடைசலாளர்களிடையே வழங்கும் ஒரு கணக்கு. எனினும், உருளையாகாத சதுரக் கட்டையை மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குவதே முறை. புதிதாகப் பயில்வோர் இக்கணக்கின் கீழ் எல்லைக்குள்ளேயே நிற்பது நல்லது.

எந்திரத்தின் அருகில் நிற்குமுன் கடைப்பிடிக்கவேண்டியவை:

1. பயிற்சி பெற்ற பெரியவர் உடனில்லாமல் மாணவர் எந்திரத்தை இயக்கலாகாது.
2. தளர்ந்த ஆடை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, மோதிரம், கையுறை ஆகியவற்றை அணியலாகாது. நீண்ட கூந்தலை இறுக முடிந்துகொள்ளவேண்டும்.
3. முகம் முழுவதையும் மறைக்கும் காப்புக்கவசம் அணியவேண்டும். மரத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்யுமாதலால் மூக்கையும் வாயையும் மூடும் கவசமும் தேவை.
4. விசையை இயக்குமுன் கட்டையைக் கையால் ஒருமுறை முழுதும் சுழற்றிப் பார்க்கவேண்டும். அது எங்கும் இடிக்கலாகாது.
5. எந்திரம் முற்றிலும் நின்ற பின்னரே அளவெடுக்கவும் கருவிதாங்கியை நகர்த்தவும் வேண்டும்.
6. சுழலும் பொருளின்மேல் துணியைச் சுற்றித் துடைக்கலாகாது. துணி சிக்கினால் விரலையும் உடன் இழுத்துச் செல்லும்.

பம்பரம் கடைதல்

தொடக்கப் பயிற்சிக்கு ஏற்ற பொருள் விரலால் திருகிவிடும் சிறு பம்பரம். 4 சென்டிமீட்டர் சதுரமும் 12 சென்டிமீட்டர் நீளமும் உள்ள உலர்ந்த கட்டை போதும். மரத்தின் இழை கட்டையின் நீளவாக்கில் ஓடவேண்டும்.

கட்டையின் இரு முனைகளிலும் மூலைக்கு மூலை கோடு வரைந்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் மையமாகும். அம்மையங்களை எந்திரத்தின் இரு முனைகளில் பொருத்தி இறுக்கவேண்டும். கருவிதாங்கி கட்டையின் மூலைகளிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கவேண்டும். இடைவெளி மிகுந்தால் உளி நடுங்கும். கட்டை சிறுத்து வரும்தோறும் தாங்கியை அருகே கொண்டுவரவேண்டும்.

உளியைப் பயன்படுத்துவதில் மூன்று நிலைகள் உண்டு. முதலில் உளியின் தண்டு கருவிதாங்கியின்மேல் அழுந்தவேண்டும். அடுத்து, உளியின் வாய்க்குக் கீழே உள்ள சரிவு கட்டையைத் தொடவேண்டும். அப்போது உளி எதையும் சீவாது, உரசிக்கொண்டு மட்டும் இருக்கும். பின்னர்ப் பிடியைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் வாய் மரத்திற் படிந்து சீவத் தொடங்கும். இவ்வரிசையை மறந்து, வாயை முதலில் மரத்தில் வைத்தால் உளி துள்ளும்.

சீவல் சுருள் சுருளாக வந்தால் உளியும் கையும் ஒத்துழைக்கின்றன என்பது பொருள். தூளாக உதிர்ந்தால் உளி சீவவில்லை, சுரண்டுகிறது. தடதடவென்னும் ஓசை சீரான ஒலியாக மாறும்போது சதுரக் கட்டை உருளையாகிவிட்டது என அறியலாம். தேர்ந்த கைவினைஞர்கள் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் மரத்தை அறிகின்றனர்.

உருளை ஆனபின் பம்பரத்தின் வயிறு, கழுத்து, கூர்முனை ஆகியவற்றின் இடங்களைப் பென்சிலால் குறிக்கவேண்டும். முதலில் வயிற்றைத் திரட்டிப் பின் கூர்முனையை நோக்கிச் சரிக்கவேண்டும். உளி எப்போதும் பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்தை நோக்கியே செல்லவேண்டும். எதிர்த்திசையிற் சென்றால் இழை கிளம்பும். விரலால் திருகும் காம்பை இறுதியிலேயே மெலிதாக்கவேண்டும். அதனை முதலிலேயே மெலிதாக்கினால் கட்டை அதிர்ந்து ஒடிந்துவிடும். வடிவம் முடிந்தபின் கருவிதாங்கியை அகற்றிவிட்டு உப்புத்தாளால் தேய்க்கவேண்டும்.

அரக்குப் பூச்சு

கடைந்த மரத்திற்கு அரக்குப் பூசும் முறை இந்தியக் கடைசலின் தனிச்சிறப்பு. அரக்கு என்பது புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களின் காட்டுப்பகுதி மக்களுக்கு அது வருவாய் தரும் விளைபொருளாகும். அதனைச் சூடாக்கி, வண்ணம் சேர்த்துப் பிசைந்து, குச்சிகளாக உருட்டி வைத்துக்கொள்கின்றனர்.

இப்பூச்சுக்குத் தூரிகை வேண்டா. வெயிலில் உலர்த்தவும் வேண்டா. சுழலும் பொம்மையின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வினால் வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பத்தில் அரக்கு உருகி மரத்திற் படிகிறது. பிறகு தாழை மடலை அழுத்திப் பிடித்தால் அரக்கு ஒரே சீராகப் பரவிப் பளபளக்கிறது. பூச்சு முடிந்தபின் பம்பரத்தின் காம்பை மெலிதாக்கி, முனைகளில் எஞ்சிய கட்டையை எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிறு வாளால் அறுத்துப் பிரிக்கலாம்.

வண்ணமும் பொறுப்பும்

குழந்தை எந்தப் பொம்மையையும் முதலில் வாயில் வைத்தே அறிகிறது. ஆகவே பொம்மையின் வண்ணம் கண்ணுக்கு இனிதாக இருந்தால் மட்டும் போதாது. விலை மலிந்த செயற்கை வண்ணங்கள் வந்தபோது, பல பட்டறைகள் அவற்றிற்கு மாறின. வேலை எளிதாயிற்று, ஆனால் அவ்வண்ணங்கள் சிலவற்றில் ஈயம் போன்ற நச்சுப்பொருள்கள் கலந்திருக்கக்கூடும் என்னும் கவலை எழுந்தது. ஏட்டிகொப்பாக்காவைச் சேர்ந்த சி. வி. ராஜு, செடிகொடிகளிலிருந்து வண்ணம் எடுக்கும் முறையை மீட்பதில் ஈடுபட்டார். மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறமும், அவுரியிலிருந்து நீலமும், ஜாப்ரா எனப்படும் விதையிலிருந்து செம்மஞ்சள் நிறமும் கிடைக்கின்றன. அவருக்கு 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஏட்டிகொப்பாக்காப் பொம்மைகள் 2017ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன; சென்னபட்டணப் பொம்மைகள் அதற்கு முன்பே அக்குறியீட்டைப் பெற்றிருந்தன.

இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்குத் தரச்சான்று கட்டாயம் என்னும் ஆணை 2021ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உரிய முறையில் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீட்டு உரிமை பெற்றோர் செய்யும் பொம்மைகளுக்கும் அவ்வாணையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சிறு பட்டறைகள் சோதனைச் செலவால் மூடப்படாமல் இருக்க இவ்விலக்கு உதவுகிறது. அதே வேளையில் அது கைவினைஞரின் பொறுப்பை மிகுதியாக்குகிறது. ஆய்வுக்கூடம் சோதிக்காத பொம்மையை அதனைச் செய்தவரே சோதிக்கவேண்டும். வண்ணத்தில் நஞ்சு உண்டா, முனை குத்துமா, சிறு உறுப்புக் கழன்று குழந்தையின் தொண்டையில் சிக்குமா எனத் தம்மைத் தாமே வினவிக்கொள்ளவேண்டியவர் அவரே. இவ்விதி வீட்டுப் பட்டறையில் பொழுதுபோக்காகக் கடைபவருக்கும் பொருந்தும்.

பம்பரம் தரும் தீர்ப்பு

கடைந்து முடித்த பம்பரத்தைத் தரையில் திருகிவிட்டால் அது செய்தவரின் வேலையைத் தானே மதிப்பிட்டுக் கூறிவிடும். மையம் பிசகியிருந்தால் தள்ளாடும். மரம் சரியாக உலராமல் ஒருபுறம் சுருங்கியிருந்தால் சாய்ந்து விழும். கூர்முனை கோணலானால் ஓரிடத்தில் நில்லாது அலையும். மேலே பூசிய அரக்கின் பளபளப்பு இக்குறைகளுள் எதையும் மறைக்காது. எல்லாம் சரியாக அமைந்த பம்பரமோ, சுழல்வதே தெரியாதபடி அசையாமல் நிற்கும். அந்நிலையைத் தமிழில் 'பம்பரம் தூங்குகிறது' என்பர். விழுந்த பம்பரத்தைத் தூக்கி எறியாமல், அது எக்குறையால் விழுந்தது என ஆராய்ந்து அடுத்த கட்டையை எடுப்பவரே கடைசலைக் கற்றுக்கொள்கிறார்.

அருஞ்சொற்பொருள்

இழை – மரத்தின் நார்ப்போக்கு
சிம்பு – மரத்தின் மேற்பரப்பில் எழும்பும் மெல்லிய பிளவு
கவராயம் – விட்டம் அளக்கும் இருகாற் கருவி
உப்புத்தாள் – மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் தாள்
செப்பு – குழந்தைகளின் விளையாட்டுப் பாத்திரம்
அவுரி – நீலச் சாயம் தரும் செடி

பயிற்சி

அ. சரியான சொல்லைக் கொண்டு நிரப்புக.

1. சென்னபட்டணப் பொம்மைகள் பெரிதும் ________ மரத்தால் செய்யப்படுகின்றன.
2. சுழலும் மரத்தின்மேல் அரக்கு உருகுவதற்குக் காரணம் ________ தரும் வெப்பம்.
3. அரக்குக்குப் பளபளப்பு ஏற்ற உதவுவது ________ மடல்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பழைய கயிற்றுக் கடைசலுக்கும் தயிர் கடைவதற்கும் உள்ள ஒப்புமை யாது?
2. பச்சை மரத்தில் கடைந்த பொருள் ஏன் நீள்வட்டமாகிறது?
3. மழுங்கிய உளி ஏன் கேடு விளைக்கும்?
4. பம்பரத்தின் காம்பை இறுதியில் மெலிதாக்குவது ஏன்?

இ. கணக்கிடுக.

3 அங்குல விட்டமுள்ள உருளையை நிமிடத்திற்கு எத்தனை முறை முதல் எத்தனை முறை வரை சுழற்றலாம்? பாடத்தில் கூறிய கணக்கைப் பயன்படுத்துக.

ஈ. விரிவாக விடை எழுதுக.

1. உளியைப் பயன்படுத்தும் மூன்று நிலைகளை வரிசையாக விளக்குக.
2. 'தரச்சான்றிலிருந்து விலக்குப் பெறுவது பொறுப்பிலிருந்து விலகுவதன்று.' இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

உ. மொழிப்பயிற்சி

1. 'கடை' என்னும் சொல்லைப் பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் அமைத்துத் தனித்தனித் தொடர் எழுதுக.
2. பாடத்தில் 'ஆகவே', 'ஆயினும்', 'எனினும்' ஆகிய இணைப்புச் சொற்கள் வரும் தொடர்களை எடுத்தெழுதி, அவை இணைக்கும் கருத்துகளைக் குறிப்பிடுக.

ஊ. செயல்திட்டம்

வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ உள்ள கடைந்த மரப்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதன் பருத்த இடத்தின் சுற்றளவை நூலால் அளந்து விட்டத்தைக் கணக்கிடுக. அப்பொருளின் பெயர், பயன், மரம், வடிவம் ஆகியவற்றைப் பத்துத் தொடர்களில் விவரித்து, படம் வரைந்து இணைக்க.